உமி ஒட்டிய ஐஸ்

எங்கள் பிள்ளைக்கு வேர்க்காது. இதைச் சொன்னால் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்லதுதானே, பவுடர்ச் செலவு மிச்சம் என்று ஒருத்தி என் முகத்துக்கு நேரேயே சொன்னாள். பெற்றிசியா வேர்வைச் சுரப்பி இல்லாமல் பிறந்தவள். வெயில் ஏறினால் மற்றப் பிள்ளைகளுக்கு வேர்த்து வழியும், உடம்பு ஆறிவிடும். இவளுக்கு ஆறாது. முதலில் கன்னம் சிவக்கும், பிறகு கண் மேலே சொருகும். ஈரத் துணியும் காற்றும் உடனே கிடைக்காவிட்டால் பிள்ளை நம் கையில் இல்லை என்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் எனக்குப் படித்துப் படித்துச் சொன்னார்கள்.

அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் என் மனுசன் மன்னாருக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்.

கோயம்புத்தூர்ப் பக்கத்து அகதி முகாமில் எங்களுக்கு ஒரே ஒரு அறை. மாளிகை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கரண்ட் இருந்தது, தலைக்கு மேலே ஃபான் சுற்றியது. இலங்கையில் சண்டை முடிந்து இரண்டு வருசத்தில் இவருக்கு ஊர்ப் பைத்தியம் பிடித்தது. மன்னாரில் தன் ஊரான ஓலைத்தொடுவாயை விட்டுப் படகேறியபோது இவர் சின்னப் பெடியன். அந்த வயதில் பார்த்த கடற்கரையை வைத்துக்கொண்டு எனக்குப் படம் காட்டினார். கடற்காற்று அடிக்கும், பிள்ளைக்கு ஃபானே தேவைப்படாது என்று ஒற்றைக்காலில் நின்றார். கடற்காற்று அடிக்கத்தான் செய்தது. ஆனால் எங்களுக்குக் கிடைத்தது தற்காலிகக் கொட்டில். மேலேயும் தகரம், நாலு பக்கமும் தகரம். கரண்ட் இன்னும் வரவில்லை. மத்தியானம் உள்ளே போனால் பாண் சுடுகிற போறணை அடுப்புக்குள் தலையை விட்டதுபோல இருக்கும்.

பக்கத்திலேயே எங்கள் கல்வீடு நின்றது. வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்து, அத்திவாரம் போட்டு, சுவரும் எழும்பிய வீடு. கூரை மட்டும் இல்லை. ஒப்பந்தகாரர் யோகராசா வவுனியா ஆள். மரம் வரவில்லை என்றார், பிறகு ஓடு வரவில்லை என்றார், பிறகு வேலையாட்களை மறிச்சுக்கட்டி ஊர்ப் பக்கம் அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டுக்குள் அயலவர்களின் ஆடுகள் வந்து படுத்தன. நான் கல்லெடுத்து எறிந்து துரத்துவேன். அவை வாசல்வரை போய் நின்று என்னைப் பார்த்துவிட்டு, நான் திரும்பியதும் உள்ளே போய்விடும்.

நான் பக்கீர் நானாவின் ஐஸ் வாடியில், மீனுக்கு ஐஸ் போடுகிற இடத்தில், வேலைக்குச் சேர்ந்தேன். அவரும் இருபது வருசம் புத்தளத்தில் அகதியாகக் கிடந்துவிட்டு வந்தவர்தான். டவுணிலிருந்து லொறியில் வரும் ஐஸ் பாளங்களைப் பெரிய மரப்பெட்டியில் உமிக்குள் புதைத்து வைப்போம். உமிக்குள் கிடந்தால் ஐஸ் மறுநாள் வரைக்கும் கரையாது. தேவையான நேரம் தோண்டி எடுத்து, கையால் உமியைத் தட்டிவிட்டு, உடைத்து மீனுக்கு மேலே போடவேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் ஐஸ் கரைந்து போகும் என்பதால் வாடியில் யாரும் கழுவமாட்டார்கள். மீனில் உமி ஒட்டினால் மீன் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நான் மட்டும் மத்தியானம் ஒரு துண்டை உமியோடு சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோவேன். அதைக் கழுவிக் கழுவித் துணியில் முடிந்து பிள்ளையின் கழுத்திலும் கக்கத்திலும் வைப்பேன். உமி பட்டால் அவளுக்குத் தோல் கடிக்கும். பக்கீர் நானா இதைப் பார்த்தும் பார்க்காதவர்போல இருந்தார். அந்த மனிதர் நன்றாக இருக்கவேண்டும்.

எங்கள் கோலத்தைப் பார்த்து கன்னியர்மடத்து சிஸ்ரர் ஒருவர் ஒரு சுருள் வெள்ளிச் சீற் கொண்டுவந்து தந்தார். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கும். தகரத்துக்குக் கீழே அதை இழுத்து அடித்தால் மேலே இருந்து இறங்குகிற சூட்டைத் திருப்பிவிடும், பிள்ளைக்கு உதவும் என்றார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வருகிற சனிக்கிழமை அடித்துத் தருகிறேன் என்றார் இவர். அந்தச் சனிக்கிழமைதான் கார் வந்தது.

சிவப்புக் கார், ஜப்பான்காரனுடையது, டேர்போ பூட்டியது. யோகராசாவுக்கு வீடு கட்டுவதில் இல்லாத பிரியமெல்லாம் அந்தக் காரில் இருந்தது. வெள்ளாங்குளத்துக்கு அங்கால் புதிதாகத் தார்க் கார்ப்பெட் போட்ட நேர் றோட்டில் சித்திரையில் ஏதோ ஒரு கழகம் காரோட்டப் போட்டி வைக்கப் போகிறது என்றும், தன் கார் காலையில் பறந்துவிட்டு மத்தியானத்தில் சோர்ந்து போகிறது என்றும் சொன்னார். கோயம்புத்தூரில் ரேஸ் கார் வேலை செய்த ஒருவன் ஓலைத்தொடுவாயில் இருக்கிறான் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒருவன் என் மனுசன் ஜெகதீபன். முகாமில் இருந்து வேலைக்குப் போய்ப் பத்து வருசம் ஒரு ரேஸ் கார்ப் பட்டறையில்தான் கிடந்தார்.

இவர் காரின் முன்மூடியை, பொனற்றைத் திறந்து, காரை முறுக்கிவிட்டு, கையை உள்ளே நீட்டி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கண் மூடியிருந்தது. பூசைக்கு நிற்கும்போதுகூட நான் அந்த முகத்தைக் கண்டதில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். என்ஜின் காற்றைக் குடித்துத்தான் ஓடுகிறதாம். டேர்போ அந்தக் காற்றை அமுக்கித் தள்ளும்போது அது சூடேறிவிடுமாம். சூட்டுக் காற்று ஐதானது, ஒரு வாய் குடித்தாலும் அரை வாய்க்குத்தான் காணும். அதற்கு மேலே பொனற்றுக்குள் கிடக்கிற வெக்கையையும் சேர்த்துக் குடித்தால் என்ஜின் களைக்கும், கடைசியில் உள்ளே வெடிப்பு நேரம் தப்பித் தட்டத் தொடங்கும். குடிக்கிற காற்றைக் குளிர வைத்தால் போதும்.

"இதுக்கும் வேர்க்காது, கிறிஸ்ரி. எங்கட பெற்றிசியாவைப் போல," என்றார்.

 பெற்ற பிள்ளையைக் கொண்டுபோய் ஒரு இரும்போடு சோடி சேர்க்கிறார், அதையும் சிரித்துக்கொண்டு சொல்கிறார்.

கார் முதலாவதாக வந்தால் அடுத்த கிழமையே எங்கள் வீட்டுக்குக் கூரை ஏறும் என்று யோகராசா வாக்குக் கொடுத்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவில்லை. திட்டத்தில் வந்த வீடு எங்களுடையது, அதை எப்படிப் பரிசாகத் தருவீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. வெற்றிலை போட்ட வாயால் சிரித்தார்.

"தங்கச்சி, என்ர கையில எத்தினை வீடு கிடக்கு. எதை முதல் முடிக்கிறது, எதைக் கடைசியா முடிக்கிறதெண்டு நான்தானே பாக்கவேணும்," என்றார்.

அதற்குப் பிறகு காருக்குத்தான் எங்கள் வளவில் நிழல். முற்றத்தில் நின்ற ஒரே வேப்பமரத்துக்குக் கீழே அது நின்றது, பிள்ளையின் பாயை நான் வேலியோரம் மாற்றினேன். காற்றை இழுக்கிற வாயை இவர் பொனற்றுக்குள் இருந்து வெளியே எடுத்து, முன்பக்கத்தில் நேரே காற்று அடிக்கிற இடத்தில் வைத்தார். என்ஜின் சூடு அந்தப் பக்கம் போகாமல் நடுவில் ஒரு மறைப்பு வேண்டியிருந்தது. ஒரு நாள் வாடியால் வந்து பார்க்கிறேன், சிஸ்ரர் தந்த வெள்ளிச் சீற் நிலத்தில் விரித்துக் கிடக்கிறது. பால்மாத் தகரப் பேணியின் மூடியை வைத்து வட்டம் கீறி, குழாய் போவதற்கு இரண்டு ஓட்டை வெட்டி முடித்திருந்தார்.

பிள்ளையினுடைய சீற்றை எடுக்க எப்படி மனம் வந்தது என்று கேட்டேன். எடுக்கவில்லையாம், இரவல்தானாம். போட்டி முடிந்ததும் கழற்றித் தருவாராம். வீட்டுக்குக் கூரை வந்துவிட்டால் இந்தத் தகரக் கொட்டிலுக்கு அது எதற்கு என்று என்னையே திருப்பிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது, அதுதான் எனக்கு ஆகவே ஆகாதது. அன்றைக்கு அவருக்கு நான் சோறு போடவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

அடுத்ததாகத் தண்ணீர்ப் பெட்டி. மீன் வைக்கிற பெரிய றெஜிபோம் பெட்டி, கோயம்புத்தூரில் தெர்மாகோல் என்பார்களே, அது ஒன்றைக் காரின் டிக்கிக்குள் இறக்கினார். அதற்குள் தண்ணீரும் ஐஸும். படகில் தண்ணீர் இறைக்கிற சின்னப் பம்ப் ஒன்று அந்தக் குளிர்ந்த தண்ணீரைக் குழாய் வழியாக முன்னுக்குக் கொண்டுபோகும். அங்கே டேர்போவிலிருந்து வருகிற சூட்டுக் காற்று அதைத் தாண்டிப் போகும்போது சூட்டை விட்டுவிட்டுக் குளிர்ந்து போகும். உண்மையைச் சொல்லவேண்டும், அது வேலை செய்தது. சூடு பார்க்கிற முள் சரசரவென்று இறங்குவதை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கண் இரண்டும் மின்னின. முகாமை விட்டு வந்த நாளிலிருந்து அந்த மினுக்கத்தை நான் காணவில்லை. அந்த ஒரு நிமிசம் எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஓட்டுக் கூரைக்குக் கீழே பிள்ளை ஈரத் துணி தேவைப்படாமல் ஓடித் திரிவதை நினைத்துப் பார்த்தேன். அன்றைக்குப் பின்னேரம் கோயிலுக்குப் போய், ஒரு கார் வெல்லவேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. வாடி பூட்டு என்பதால் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு நான் ஐஸுக்கு எங்கே போவது? இரண்டு பேரும் கூட வாருங்கள் என்றார் இவர். பக்கீர் நானா முதல் நாளே இரண்டு சாக்கு ஐஸ் தந்தார், ஒன்று காருக்கு, ஒன்று பிள்ளைக்கு. காருக்கான ஐஸை விடியவே கிணற்றடியில் வைத்து நான்தான் கழுவிப் பெட்டிக்குள் போட்டேன். கை பழகிய வேலை, யாரும் சொல்லிச் செய்யவில்லை. இவர் அந்த நேரம் வயர் பூட்டிக்கொண்டிருந்தார், திரும்பியும் பார்க்கவில்லை. பிள்ளையின் ஐஸை உமியோடு சாக்கிலேயே விட்டேன். நாள் முழுக்க வைத்து எடுக்கவேண்டியது அது.

வெள்ளாங்குளத்தில் சனம் திருவிழாவுக்கு வந்ததுபோல நின்றது. றோட்டு நெடுகக் கொடி. இரண்டு இரண்டு காராக விடுவார்கள். பாலத்தடி வரைக்கும் போய்த் திரும்பி வரவேண்டும். சிவப்புக் கார், யோகராசாவின் ஆள் ஒருவன் ஓட்ட, காலையில் ஓடிய ஓட்டமெல்லாம் வென்றது. யோகராசாவின் ஆட்கள் இவரைத் தோளில் தூக்காத குறை. நான் ஒரு பாலைமரத்தின் கீழே தறப்பாள் கட்டிப் பிள்ளையோடு இருந்தேன். துண்டு துண்டாக ஐஸ் உடைத்து, கழுவி, துணியில் சுற்றிச் சுற்றி வைத்தேன். அவள் அதில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கார்களுக்குக் கை காட்டினாள்.

கடைசி ஓட்டத்தை மத்தியானம் வைத்திருந்தார்கள். பரிசு கொடுக்க வரவேண்டிய பெரிய மனிதர் வரவில்லை. அவர் வரும்வரைக்கும் இரண்டு காரையும் தொடக்கக் கோட்டில் நிறுத்திவைத்தார்கள். இதோ வருகிறார், அதோ வருகிறார் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருந்தது. வெயில் உச்சிக்கு ஏறியது, காற்று நின்றுவிட்டது. என்னிடம் இருந்த தண்ணீரும் முடிந்துபோக, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கானையும் தூக்கிக்கொண்டு றோட்டின் மற்ற அந்தத்தில் நின்ற தண்ணீர் லொறிக்கு, பவுசருக்குப் போனேன். வரிசையில் நின்று நிரப்பிக்கொண்டு திரும்பி வந்தால் மரத்தடியில் சாக்கு வெறுமையாகக் கிடந்தது. சுற்றவர உமி.

நாய் இழுத்ததோ என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் நின்ற லொறிக்காரர் சொன்னார், உங்கள் மனுசன்தான் வந்து எடுத்துக்கொண்டு போனார் என்று.

பிள்ளையோடு கோட்டுக்கு ஓடினேன். இவர் டிக்கியை அடித்துப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"பிள்ளையின்ர ஐஸ் எங்க?" என்றேன்.

"கத்தாதை. நிண்டு நிண்டு பெட்டியில இருந்ததெல்லாம் கரைஞ்சுபோச்சு. ஓடி முடிஞ்ச கையோட மிச்சத்தை எடுத்துத் தாறன்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது கார் இல்லை, கிறிஸ்ரி. கூரை," என்றார்.

நான் டிக்கியில் கை வைப்பதற்குள் யோகராசாவின் ஆட்கள் என்னை ஒதுக்கிவிட்டார்கள். ஒலிபெருக்கி பெரிய மனிதரை வரவேற்றது. கொடி இறங்கியது.

மரத்தடிக்குத் திரும்பி ஓடினேன். பவுசர்த் தண்ணீர் வெயிலில் கிடந்து கொதித்த தண்ணீர். அதில் துணியை நனைத்துப் போட்டு என்ன பிரயோசனம். பிள்ளையின் கன்னம் சிவந்து, பிறகு அந்தச் சிவப்பும் போய் ஒரு மாதிரி மங்கியது. உடம்பு அடுப்பில் வைத்த சட்டிபோலச் சுட்டது. தறப்பாளின் ஒரு மூலையைக் கிழித்து விசிறினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், ம் என்றாள். இரண்டாம் முறை கூப்பிட்டபோது ம் வரவில்லை. எனக்குச் சத்தம் போட்டு அழக்கூட நேரம் இருக்கவில்லை.

கார் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. அது காலையில் கேட்ட சத்தம் இல்லை. பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு தட்டல். பிறகு ஒரு பெரிய வெடி. புகையைக் கக்கிக்கொண்டு, கோட்டைத் தொடாமல், எங்கள் மரத்துக்கு நேரே வந்து நின்றது. மற்றக் கார் அதைத் தாண்டிப் போனது. எல்லோரும் பொனற்றுக்கு ஓடினார்கள். நான் டிக்கிக்கு ஓடினேன்.

பெட்டியைத் திறந்தால் ஐஸ் அப்படியே கிடந்தது. போட்டது போட்டபடி, ஒரு துண்டு கரையவில்லை. மேலே உமி மிதந்தது. பம்பின் வாய் முழுக்க உமி அடைத்து, குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டுக்கூட முன்னுக்குப் போகவில்லை. காருக்கும் உதவாமல் பிள்ளைக்கும் உதவாமல் அந்த ஐஸ் டிக்கிக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. நான் கையால் ஐஸை ஒதுக்கிவிட்டுப் பிள்ளையைக் கழுத்தளவுக்கு அதற்குள் இறக்கினேன். தண்ணீரை அள்ளி அள்ளித் தலையில் ஊற்றினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு உடம்பு ஒரு உதறு உதறி, வாய் கோணி, பிள்ளை வீரிட்டு அழுதாள். அதைவிட நல்ல சத்தத்தை நான் என் சீவியத்தில் கேட்டதில்லை.

யோகராசா சுற்றிக்கொண்டு வந்தார். முகம் கறுத்திருந்தது. தன் காருக்குள் என்ன செய்கிறாய் என்று கேட்டார்.

"உங்கட காருக்குப் போகாத குளிர் இதுக்குள்ள கிடக்கு. என்ர பிள்ளைக்குப் போகட்டும்," என்றேன்.

அவர் பிள்ளையைப் பார்த்தார், திரும்பிப் பொனற்றுப் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் இவர் வந்தார். கையெல்லாம் எண்ணெய். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிள்ளையின் தோளில் ஒட்டியிருந்த உமியைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பம்பின் வாயிலிருந்து ஒரு பிடி உமியை வழித்தெடுத்தார். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தட்டித்தான் போட்டனான். கோயம்புத்தூரில ஐஸ் பைக்கற்றிலதானே வரும்," என்றார்.

அதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்பது இரண்டாவதாகத்தான் வந்தது. அந்த இரண்டாவதை நான் காதில் வாங்கவில்லை.

லொறிக்காரர்தான் எங்களை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிள்ளையை வாட்டில் மறித்து வைத்துப் பார்த்துவிட்டு, தப்பிவிட்டாள், ஆனால் இன்னொரு தரம் இப்படி வரவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். கோயம்புத்தூரிலும் அதைத்தான் சொன்னார்கள். சொல்லுகிறவர்களில் யாரிடமும் எங்களுக்குத் தரக் கூரை இல்லை.

எங்கள் வீட்டுச் சுவர் இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. யோகராசா என்ஜின் உருகியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. அயல் வீடுகளுக்கு ஓடு ஏறிவிட்டது. நான் இப்போது ஆடுகளைத் துரத்துவதில்லை.

இவர் செய்தது ஒன்றே ஒன்று. அடுத்த கிழமை வவுனியாவுக்குப் போய், செத்த காரிலிருந்து வெள்ளிச் சீற்றைக் கழற்றி, மடித்துக் கொண்டுவந்தார். எண்ணெயைத் துடைத்து, ஏணி வைத்து, தகரத்துக்குக் கீழே இழுத்து இழுத்து அடித்தார். நான் உதவிக்குப் போகவில்லை. அடித்து முடித்ததும் கொட்டிலுக்குள் வெக்கை குறைந்தது எனக்கே தெரிந்தது. சிஸ்ரர் சொன்னது பொய்யில்லை. முதல் சனிக்கிழமையே அடித்திருக்கலாம்.

குழாய் போவதற்கு வெட்டிய இரண்டு ஓட்டையும் அப்படியே இருக்கின்றன. ஒன்று வாசல் பக்கம் போய்விட்டது. மற்றது பிள்ளையின் பாய்க்கு நேரே மேலே வந்தது. அந்த வட்டத்துக்குள் வெறும் தகரம், மத்தியானத்தில் அதிலிருந்து சூடு நேரே கீழே இறங்கும். ஒட்டுப் போட்டுத் தருகிறேன் என்றார் இவர். தேவையில்லை என்று சொல்லி, பிள்ளையின் பாயை மற்ற மூலைக்கு இழுத்தேன். அந்த இடத்தில் அவருடைய பாயை விரித்துவிட்டேன். அவர் பாயை மாற்றவில்லை.

இப்போது மத்தியானத்தில் அவர் அதற்குக் கீழேதான் படுக்கிறார். நெற்றி வேர்த்து, கழுத்து வேர்த்து, பாய் நனைந்துவிடும். கிடக்கட்டும். அவருக்கு வேர்க்கும்தானே.